ஆழித்தேருக்கு இரும்பு அச்சு வந்த கதை

குத்தாலத்துக் குளத்தில் முழுகி உடல்நோய் தீர்ந்த சுந்தரர், அதன் பிறகுதான் திருவாரூர் போய்ச் சேர்ந்தார் என்கிறது பெரியபுராணம். இன்றைக்குக் குத்தாலத்துக்காரர்களான நமக்கு அது பெரிய பயணம் இல்லை. மாயவரம் போய் ரயில் மாறினால் பேரளம், பூந்தோட்டம், நன்னிலம், அப்புறம் ஆரூர். அங்கே ஆழித்தேர் நிற்கும் தேரடிக்குப் போகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்துதான் பார்க்கிறார்கள். அலங்காரம் கட்டிய ஆழித்தேர் 96 அடி உயரம் என்றால் யாரும் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். கொஞ்சம் குனிந்து அடியில் பார்த்தால், சக்கரங்களுக்கு இடையே ஓர் இரும்பு அச்சு குறுக்கே நேராகக் கிடக்கும். அது அங்கே வந்த கதையை ஊரில் முழுசாகச் சொல்கிறவர்கள் குறைவு.

அச்சு என்பது குத்தாலம் பக்கத்து விவசாயிக்குப் புதுப் பொருள் இல்லை. டயர் வண்டி வருவதற்கு முன்னால் களத்திலிருந்து நெல் மூட்டை ஏற்றி வந்த பாரவண்டிக்கு ஒரே ஓர் அச்சு. அதன் இரண்டு முனையிலும் சக்கரத்தின் குடத்தைச் செருகி, கழன்று போகாமல் கடையாணி போட்டு, விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்த மசகைத் தடவினால் வேலை முடிந்தது. வண்டி திரும்ப வேண்டுமானால் மாடு திரும்பினால் போதும். ஒரு சக்கரம் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்க, மற்றது அதைச் சுற்றி வந்துவிடும். அதனால் நேர் அச்சு வண்டிக்காரரை ஒருநாளும் தொந்தரவு செய்ததில்லை.

பின்னால் இன்னோர் அச்சைச் சேர்த்து நான்கு சக்கரமாக்கினால்தான் வம்பு. இரண்டு அச்சும் உடம்போடு அசையாமல் பிணைத்திருந்தால் அந்த வண்டிக்கு நேராகப் போக மட்டுமே தெரியும். ஐரோப்பியக் கோச்சு வண்டிகளில் முன் அச்சை நடுவில் ஒரு முளையில் நிறுத்தி, அச்சு முழுவதையும் திருப்பினார்கள். 1817-ல் மியூனிக்கில் லாங்கென்ஸ்பெர்கர் என்ற வண்டி செய்பவர் வேறு வழி கண்டார். அச்சு அப்படியே நிற்கட்டும், அதன் முனையில் இருக்கும் சக்கரங்கள் மட்டும் திரும்பட்டும் என்றார். அடுத்த ஆண்டு லண்டனில் ஆக்கர்மன் அதற்குக் காப்புரிமை வாங்கினார். பேர் அவருக்கே நிலைத்தும் விட்டது. இன்று நாம் ஓட்டும் கார் திரும்புவது அந்த வழியில்தான்.

நம் தேர்த் தச்சர்கள் இந்த இரண்டு வழிக்கும் போகவில்லை. காரணம் அறியாமை இல்லை, உயரம். முளையில் சுழலும் முன் அச்சு குறுக்கே திரும்பத் திரும்ப, தேர் கால் ஊன்றி நிற்கும் அகலம் குறைந்துகொண்டே வரும். 96 அடிக் கோபுரத்தைச் சுமக்கிற வண்டியில் அந்த விளையாட்டு கூடாது. அசையாத அச்சு, அகன்ற சக்கரம், முக்கு வந்தால் ஆள்பலம் என்று முடிவு செய்தார்கள். அது சரியான முடிவுதான்.

கனத்தையும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூங்கில், துணி, குதிரைகள் எல்லாம் சேர்ந்து ஆழித்தேர் சுமார் 300 டன் என்பார்கள். நான்கு சக்கரத்துக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு 75 டன். அச்சு ஒன்றுக்கு 150. சரக்கு ரயில் பெட்டியின் ஓர் அச்சு சுமப்பது 20 முதல் 25 டன் வரைதான். ஆழித்தேரில் அந்த 150 டன்னை மரம் தாங்க வேண்டியிருந்தது. ஓடுகிற நாளைவிட நிற்கிற நாள்தான் மர அச்சுக்குக் கெடுதல். ஆண்டில் பெரும்பகுதி தேர் நிலையில் நிற்கும். முழுப்பாரமும் அச்சின் அதே இடத்தில் அழுத்திக்கொண்டே இருக்கும். ஐப்பசி அடைமழையில் மரம் ஊறும், சித்திரை வெயிலில் சுருங்கி வெடிக்கும், கரையானுக்கோ காலநேரமே கிடையாது. வெளியே பார்த்தால் நல்ல கட்டையாகத் தெரியும், உள்ளே எங்கே விட்டிருக்கிறது என்பது வடம் பிடித்த பிறகுதான் தெரியும். நடுத்தெருவில் அச்சு முறிந்து, மாற்று அச்சு செய்யும்வரை தேர் அங்கேயே நின்றது என்ற பேச்சு தமிழ்நாட்டில் தேர் உள்ள ஊர்களில் சாதாரணம்.

ஆரூர்த் தேர் பழையது. ஏழாம் நூற்றாண்டில் அப்பரே தம் பதிகத்தில் ஆழித்தேரைச் சொல்லியிருக்கிறார். கன்றைக் கொன்ற தேர்க்காலுக்கு மகனையே கொடுத்த மனுநீதிச் சோழன் கதையும் இதே ஊருக்கு உரியது. கோயிலுக்கு வடகிழக்கே அந்தக் கதைக்குக் கல்லிலேயே தேர் செய்து வைத்திருக்கிறார்கள். மரத்தேருக்கு அந்த ஆயுள் ஏது? 1926-ல் பழைய தேர் தீயில் எரிந்துபோயிற்று. புதுத்தேர் செய்து 1930-ல் ஓட்டினார்கள். பழைய தேருக்குப் பத்துச் சக்கரம், இழுக்கப் பன்னிரண்டாயிரம் பேர் என்று ஊரில் இன்னும் சொல்வதுண்டு. 1948-க்குப் பிறகு புதுத்தேரும் நின்றுவிட்டது. ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டு நிலையை விட்டு நகரவில்லை.

நகர்த்தியவர் யார் என்பதுதான் இதில் ருசியான இடம். 1969-ல் முதலமைச்சரான மு. கருணாநிதி திருக்குவளையில் பிறந்து திருவாரூரில் படித்தவர். கடவுள் மறுப்புக் கட்சிக்காரர். அவருடைய ஆட்சியில்தான் 1970-ல் ஆழித்தேர் மறுபடி ஓடியது. பக்தி இல்லாதவருக்குத் தேர் எதற்கு என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். ஊர்ப்பற்று என்று ஒன்று இருக்கிறது, அதற்குச் சாமி கும்பிட வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். பிறகு 1976-ல் சென்னையில் எழும்பிய வள்ளுவர் கோட்டத்துக்கும் அவர் இதே தேரைத்தான் மாதிரியாக வைத்துக்கொண்டார்.

ஆழித்தேரை ஓடவைக்கும் வேலையை எடுத்துக்கொண்டது திருச்சி பெல் நிறுவனம். திருவெறும்பூரில் இருக்கும் அந்த ஆலை அனல்மின் நிலையங்களுக்குக் கொதிகலன் செய்வது. உற்பத்தி தொடங்கி அப்போது ஐந்தாறு ஆண்டுதான் ஆகியிருந்தது. கொதிகலன் செய்கிறவர்களிடம் தேரைக் கொண்டுபோவது விநோதமாகப் படலாம். ஆனால் இந்த வட்டாரத்தில் தடித்த எஃகை வளைக்கவும் கடையவும் பற்றவைக்கவும் அவர்களைவிடத் தெரிந்தவர் யார்? பற்றவைத்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உண்டா என்று ஊடுகதிர் பாய்ச்சிப் பார்ப்பது அவர்களுடைய அன்றாட வேலை. மர அச்சின் குறையே உள்ளே இருப்பது தெரியாததுதான். இரும்பு அச்சு, இரும்புச் சக்கரம், ஹைட்ராலிக் பிரேக் மூன்றும் ஆழித்தேருக்கு வந்தன.

மூன்றில் பெரியது எது என்று கேட்டால் நான் பிரேக் என்பேன். அதுவரை தேரை நிறுத்தச் சக்கரத்துக்கு முன்னால் கட்டை போடுவதைத் தவிர வேறு வழி கிடையாது. 300 டன் ஒரு தடவை உருண்டுவிட்டால் கட்டை போடுகிறவரின் கை, கால், உயிர் எல்லாமே பணயம். ஆனால் அச்சு வலுவாக இல்லாவிட்டால் பிரேக்கும் இல்லை. மரக் குடத்தையும் மர அச்சையும் நம்பி எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கும் பிரேக்கைப் பொருத்த முடியாது.

அமெரிக்காவிலும் அதற்குச் சற்று முன்பு, 1950-களிலும் 60-களிலும், நேர் அச்சு மோகம் ஒன்று கிளம்பியிருந்தது. கால் மைல், அதாவது 402 மீட்டர், நேர்ச்சாலையில் யார் முந்துகிறார் என்று பார்க்கும் டிராக் பந்தயம். பழைய வில்லிஸ், செவ்ரோலே கார்களை வாங்குவார்கள். செவ்ரோலே போன்றவற்றில் முன்பக்கம் தனித்தனியாக ஆடும் நவீன சஸ்பென்ஷன் இருக்கும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, பட்டைவில் மேல் பழங்காலத்து நேர் அச்சைப் பொருத்துவார்கள். கனம் குறையும், காரின் மூக்கு உயரும். கிளம்பும்போது பாரம் பின்சக்கரத்துக்குச் சாயும், அன்றைய மட்டமான டயருக்கும் தரையில் பிடிப்புக் கிடைக்கும். கேஸர் என்று பேர் வாங்கிய அந்தக் கார்களை இப்போது பழம்பொருள் பிரியர்கள் தேடித்தேடிச் சீர்செய்கிறார்கள். நாலு வீதியைச் சுற்றவே மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் தேருக்கும் பத்துப் பன்னிரண்டு நொடியில் பந்தயத்தை முடிக்கிற காருக்கும் நேர் அச்சு வேண்டியிருந்தது. ஒரு வித்தியாசம் உண்டு. கேஸரின் அச்சு நேராக இருந்தாலும் அதன் முனையில் சக்கரம் திரும்ப மூட்டு உண்டு. ஆழித்தேரில் அது கிடையாது. பெல் போட்ட அச்சும் பழைய மர அச்சைப் போலவே அசையாத அச்சுதான்.

அதனால்தான் முட்டுக்கட்டைக்காரருக்கு வேலை போகவில்லை. புளிய மரத்தில் ஆப்பு வடிவில் செதுக்கி, நீளமான பிடி வைத்த கட்டைதான் முட்டுக்கட்டை. தேர் இடதுபக்கம் சாய்கிறதா, வீட்டுத் திண்ணையை நோக்கிப் போகிறதா என்று ஒருவர் முன்னால் நின்று பார்த்துக் குரல் கொடுப்பார். சக்கரத்துக்குப் பக்கத்தில் இருப்பவர் உருளுகிற சக்கரத்தின் அடியில் கட்டையைக் கோணமாகக் கொடுப்பார். சக்கரம் கட்டை மேல் ஏறி, சரிவில் வழுக்கி, அரையடியோ ஒரு சாணோ பக்கவாட்டில் நகரும். எந்தச் சக்கரம், எந்தக் கோணம், எப்போது எடுப்பது என்பதெல்லாம் அப்பாவிடமிருந்து பிள்ளை பழகுவது. ஒரு தேரோட்டத்துக்கு நூற்றுக்கணக்கில் கட்டை செலவாகும். நசுங்கிப் பிளந்துபோவதுதான் அதன் வேலை. வீதி முக்கில் கட்டை மட்டும் போதாது. தரையில் இரும்புத் தகடு விரித்து, அதில் கிரீஸ் தடவி, சக்கரத்தை அதன் மேல் ஏற்றி, தேரையே வழுக்கித் திருப்புகிறார்கள். ஆக்கர்மன் மூட்டு செய்ய வேண்டிய வேலையைத் தகடும் கிரீஸும் புளியங்கட்டையும் செய்கின்றன.

பின்னாலிருந்து தள்ள இப்போது புல்டோசர் வருகிறது. அதில் எனக்கு முழு மனம் இல்லை. கிளம்புகிற முதல் நொடிக்குத் தேவை என்றால் சரி. முன்பு அந்த வேலையைச் சக்கரத்துக்கு அடியில் நெம்புதடி கொடுத்து, அதன் மேல் ஆட்கள் ஏறி மிதித்துச் செய்தார்கள். அது ஆபத்தான வேலை, போனது நல்லதுதான். ஆனால் வீதி முழுக்க இயந்திரம் தள்ளினால் வடம் பிடிக்கிறவர்கள் சும்மா கயிற்றோடு நடக்கிறவர்களாகிவிடுவார்கள்.

ஆரூருக்குப் பிறகு இரும்பு அச்சு பல ஊருக்குப் போயிற்று. சுற்றி வந்து நிலை சேரப் பல நாள் பிடித்த ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேர், இரும்பு அச்சும் சக்கரமும் வந்த பிறகு ஒரே நாளில் நிலைக்கு வருகிறது. ஆழித்தேரையும் மறுபடி பிரித்துப் பழுதுபார்த்து, 2015-ல் வெள்ளோட்டம் விட்டு, 2016-ல் ஓட்டினார்கள்.

நம் பக்கத்துச் சின்ன ஊர்களிலும் நின்றுபோன தேரை மறுபடி ஓட்ட வேண்டும் என்ற ஆசை பெருகியிருக்கிறது. நல்ல ஆசை. அந்த விழாக் கமிட்டியாரிடம் ஒரு வேண்டுகோள்: இரும்பு அச்சு போட்டுவிட்டோம் என்பதோடு நின்றுவிடாதீர்கள். இரும்பும் துருப்பிடிக்கும், களைத்து வெடிக்கும். ஆண்டுதோறும் தேரோட்டத்துக்கு முன்பு பொதுப்பணித்துறைப் பொறியாளர் வந்து பார்த்துத் தரும் உறுதிச்சான்றை வெறும் கையெழுத்தாக வாங்காதீர்கள், அச்சுக்கு அடியில் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முட்டுக்கட்டை போடுகிறவர்களுக்கு நல்ல கூலியும் காப்பீடும் கொடுங்கள். வடம் பிடிக்க வருகிறவர்களே, நீங்கள் செல்போனைப் பையில் போட்டுவிட்டு, சக்கரத்திலிருந்து பத்தடி தள்ளியே நில்லுங்கள்.