செம்பு கிழித்த கோடு

1871இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் கடல்மீன் காட்சியகம் கட்டிய வில்லியம் ஆல்ஃபோர்ட் லாய்டின் பெரிய கவலை, தண்ணீர் கெட்டுவிடக் கூடாது என்பதுதான். கடலோ பக்கத்தில் இல்லை. அதனால் கண்ணாடித் தொட்டிகளுக்குக் கீழே இருட்டில் பெரிய நீர்த்தேக்கம் ஒன்றை அமைத்து, பம்பு வைத்து, ஒரே கடல்நீரை ஓயாமல் சுற்றவிட்டார். அருமையான ஏற்பாடு. ஆனால் எல்லாத் தொட்டிக்கும் ஒரே தண்ணீர் என்றால், ஒரு தொட்டியில் வந்த நோயும் எல்லாத் தொட்டிக்கும் பொதுதானே?

வெப்பக் கடல்களின் வண்ண மீன்கள் வரத் தொடங்கியதும் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது. லண்டன் விலங்குக் காட்சிசாலை 1924இல் திறந்த மீன்காட்சியகத்தில் கடல்மீன்களைக் கொள்ளைநோய் போலத் தாக்கிய ஓர் ஒட்டுண்ணியை ஈ. எம். பிரவுன் என்ற ஆய்வாளர் 1931இல் விவரித்தார். இன்று அதன் பெயர் அமிலூடினியம். மீன் வளர்ப்போர் வாயில் ‘வெல்வெட்’. 1936இல் நியூயார்க் மீன்காட்சியகத்தின் ராஸ் நிக்ரெல்லி அதன் வாழ்க்கையை விரிவாக எழுதினார்.

இந்த உயிரி முதலில் செவுளில் ஒட்டும். தோலில் பொடி படிந்ததுபோல் தெரியும்போது மீன் ஏற்கெனவே மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கும். தின்று கொழுத்ததும் உதிர்ந்து, அடியில் கூடு கட்டி, உள்ளே பிளந்து பிளந்து 256 குஞ்சுகள்வரை நீந்த விடும். ஆக, கடையிலிருந்து வரும் ஒரே ஒரு மீன் போதும்.

மருந்து சான்பிரான்சிஸ்கோவிலிருந்து வந்தது. ஸ்டைன்ஹார்ட் மீன்காட்சியகத்தின் ராபர்ட் டெம்ப்ஸ்டர், செம்பு சல்ஃபேட் இந்த ஒட்டுண்ணியை அடக்குவதை 1955இல் எழுதினார். நீரில் வேண்டிய செம்பின் அளவு லிட்டருக்குக் கால் மில்லிகிராமுக்கும் குறைவு. ஆனால் செம்பு கொல்வது நீந்தும் குஞ்சுகளை மட்டுமே. மீன்மேல் ஒட்டியிருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் தொடாது. எனவே அந்த அளவு குறையாமல் வாரக்கணக்கில் நீரில் நிற்க வேண்டும். சுண்ணாம்புக் கல்லும் பவள மணலும் செம்பை உறிஞ்சிவிடும் என்பதால் தொட்டியில் அவை இருக்கலாகாது. புது மீனை முதலில் விட்டுவைக்கும் இன்றைய தனிமைத் தொட்டி மணலின்றி, பாறையின்றி, மீன் ஒளிந்துகொள்ள நாலு பிவிசி குழாய்த் துண்டுகளோடு மொட்டையாக நிற்பதற்கு முக்கியக் காரணம் அழகுணர்ச்சிக் குறைவல்ல, இதுதான்.

இன்னொன்று: அதே செம்பு பவளத்துக்கும் இறாலுக்கும் நத்தைக்கும் நஞ்சு. மீன் மட்டும் வளர்த்த காலத்தில் இது பெரிய சிக்கலில்லை. 1980களுக்குப் பிறகு வீட்டுத் தொட்டிகளில் உயிருள்ள பவளம் பரவலாகவே, மீனுக்கு ஒரு வாசல், பவளத்துக்கு வேறு வாசல் என்றாயிற்று. கடல்மீன்களைத் தாக்கும் இன்னொரு ஒட்டுண்ணி நோயான வெண்புள்ளி பவளத்துக்கு வராது. ஆனால் அது ஒட்டியிருக்கும் கல்லில் அந்நோயின் கூடுகள் வரலாம். சில கூடுகள் 72 நாள்வரை தாமதித்துப் பொரிந்ததை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அதனால்தான் நோய் வந்த தொட்டியை இரண்டரை மாதம் மீனில்லாமல் போட்டுவைப்பவர்கள் இருக்கிறார்கள்.

பவளத்துக்கென்று தனிப் பூச்சிகளும் உண்டு. அக்ரோபோரா என்ற கிளைப்பவளத்தைத் தின்னும் ஒரு தட்டைப்புழு அதன் நிறத்திலேயே மறைந்திருப்பதால், கடித்த வட்டத் தழும்புகள்தான் முதலில் கண்ணில் படும். மீன் வளர்ப்போர் பல காலம் திட்டித் தீர்த்த இந்தப் புழுவை அறிவியல் அமகுசாப்லானா அக்ரோபோரே என்று அடையாளம் கண்டது 2011இல்தான், அதுவும் தொட்டிப் பவளத்திலிருந்து. இயற்கையில் அது இருப்பதை மறு ஆண்டுதான் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புத் திட்டில், லிசார்டு தீவருகே கண்டார்கள். மருந்துநீரில் முக்கினால் புழு உதிர்ந்துவிடும். பவளத்தின் செத்த அடிப்பகுதியில் அது இட்ட முட்டைகள் உதிரா. அவற்றைச் சுரண்டி எடுத்துவிட்டு, தவறவிட்டவை பொரிந்திருக்குமோ என்று சில நாளுக்கு ஒருமுறை மீண்டும் முக்கிப் பார்க்கிறார்கள்.