கூற்று முன், காட்சி பின்: ஈழத்துத் தமிழ்ப் பேச்சு மரபும் கொழும்பு வகுப்பறையும்

ஆய்வுச் சுருக்கம்

கேட்போரை இணங்கவைக்கும் பேச்சில் காட்சிப் பொருளுக்கு இருந்த இடத்தை ஈழத்துத் தமிழ் மரபில் 1829 முதல் இக்கட்டுரை தேடிச் செல்கிறது. முதலில் கூற்று, பின்னர் காட்சி என்ற ஒழுங்கே அம்மரபின் வலிமை. கொழும்பு மாணவருக்கும் அதையே பயிற்ற வேண்டும் என இது வாதிடுகிறது.

திறவுச் சொற்கள்: மேடைப்பேச்சு, கட்புல சாதனம், சான்று, விபுலானந்தர்

1. முன்னுரை

அவையில் பொருளைக் காட்டி வாதிடுவது தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று முதலில் சொல்கிறாள். தன் அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்கிறான் பாண்டியன். இரு கூற்றுகளும் அவையில் பதிந்த பின்னரே சிலம்பு உடைகிறது. எடுத்த எடுப்பிலேயே உடைத்திருந்தால், தெறித்த மணி எதையும் நிறுவியிராது.

2. கிரகணமும் பிரசங்கமும்

அமெரிக்க மிஷன் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவியது. அதன் தலைவர் டானியல் புவர், 1829 மார்ச் 20ஆம் திகதிய சந்திர கிரகணத்துக்கு உள்ளூர்ப் பஞ்சாங்கம் குறித்த நேரம் பிழையென முன்கூட்டியே அறிவித்தார். கிரகணம் அவர் கணக்கையே மெய்ப்பித்தது. அவருடைய நோக்கம் மதப் பரப்பல். கையாண்ட முறையோ கண்ணகியினது.

மிஷனரிகளுக்கு எதிராக எழுந்த ஆறுமுக நாவலர், 1847 டிசம்பர் 31இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் முதற் பிரசங்கத்தை நிகழ்த்தினார். அவருக்குக் குரலும் நூலறிவுமே படைக்கலம். கொழும்பு மேடைகளும் அவ்வழியிலேயே வளர்ந்தன. 1897இல் விவேகானந்தர் கொழும்பில் உரையாற்றினார். 1902இல் விவேகானந்த சபை தோன்றியது. கொட்டாஞ்சேனைப் பக்கத்து விவேகானந்த மேடும், 1942இல் தொடங்கி வெள்ளவத்தையில் நிலைகொண்ட கொழும்புத் தமிழ்ச் சங்கமும் செவிக்கு விருந்தளித்த களங்கள்.

3. யாழ் பேசிய அரங்கு

இவ்வாறு பிரிந்த கூற்றையும் காட்சியையும் சேர்த்தவர் சுவாமி விபுலானந்தர். விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். வழக்கொழிந்த யாழின் இசையைக் கணக்கிட்டு மீட்கலாம் என்பது அவர் கூற்று. 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அவர் எழுதிய ‘யாழ் நூல்’ அரங்கேறியபோது, அக்கணக்கின்படி செய்த யாழ்களை அவையினர் கண்டனர். அவற்றின் இசையையும் கேட்டனர். அடுத்த மாதம் அவர் மறைந்தார். ஆய்வுரைக்கு இதைவிடச் சிறந்த கட்புலச் சான்றை நான் அறியேன்.

4. வகுப்பறை

கூற்றுக்குப் பின் காட்சி என்ற இம்முறை பாடசாலைப் பேச்சுக்கு வந்து சேரவில்லை. ‘கட்புல செவிப்புல சாதனம்’ ஆசிரியரின் கற்பித்தற் கருவியாயிற்று. தமிழ்மொழித் தினப் போட்டியில் மாணவர் வெறுங்கையுடன் நின்று பேசுவதே வழமை. செயற்றிட்ட அளிக்கையிலோ நிலை தலைகீழ்: பிறிஸ்டல் போட்டிலும் திரையிலும் எல்லாவற்றையும் எழுதிவிட்டு, சபைக்கு முதுகைக் காட்டி வாசிக்கிறார்கள். முன்னதில் சான்று இல்லை. பின்னதில் கூற்று இல்லை.

டெங்கு ஒழிப்பைப் பற்றிக் கொட்டாஞ்சேனை மாணவி ஒருத்தி பேசுவதாகக் கொள்வோம். “நுளம்பை வளர்ப்பது நாங்கள்தான்” என்று முதலில் அவள் சொல்லட்டும். கேட்பவர் மனத்தில் மறுப்பு எழும். அப்போது மழைநீர் தேங்கிய ஒரு சிரட்டையை உயர்த்தட்டும். ஒரு வாரத்தில் இதற்குள் குடம்பிகள் நெளியும் என்று விளக்கிவிட்டு, அதை மேசைக்குக் கீழே வைத்துவிடட்டும். கண்முன்னே இருந்தால் அடுத்த வாக்கியத்தைச் சிரட்டை விழுங்கிவிடும். வெள்ளவத்தைக் கால்வாயைப் பற்றிப் பேசும் மாணவனுக்கு ஒரு போத்தல் கால்வாய் நீர் போதும். கடைசி வாங்கில் இருப்பவருக்கும் அது தெரிய வேண்டும்.

5. முடிவுரை

எனவே பயிற்சி படத்தில் தொடங்கலாகாது. மாணவர் தம் கூற்றை ஒரே வாக்கியத்தில் எழுதட்டும். அதை யார், ஏன் மறுப்பார் என்று அடுத்து எழுதட்டும். அம்மறுப்புக்கு விடையாகும் பொருளை மட்டும் மேடைக்குக் கொண்டுவரட்டும். சொல்லே போதுமென்றால் வெறுங்கையுடன் வரட்டும். நாவலர் அப்படித்தான் நின்றார்.