காணாமற் கண்ட பம்பாய்

பிழைப்பை நாடி இந்நகருக்கு வந்து குடியேறிய நம் இல்லங்களில் மாலை வேளைதோறும் ஒரு காட்சி நிகழ்வதுண்டு. பாட்டியார் தம் ஊர்த் தேரோட்டத்தையும் ஆற்றங்கரைப் படித்துறையையும் விரித்துரைப்பார். மாதுங்காவிலோ செம்பூரிலோ பிறந்து, கோடை விடுமுறையில் ஓரிரு முறையன்றி அவ்வூரைக் கண்டிராத பேரப்பிள்ளை அதனைச் செவிமடுத்திருக்கும். சில நாள் கழித்து அப்பிள்ளையே தன் தோழரிடம், "எங்கள் ஊரில்" என்று தொடங்கிப் பேசும். அவ்வாறு பேச அதற்கு உரிமை உண்டா? செவிவழியாக அறிந்த ஊரைத் தன் ஊர் என்று சொல்லலாமா? இவ்வினா நம் கூட்டங்களில் பலமுறை எழுந்து, விடை காணாமலே நின்றிருக்கிறது.

இதனை ஆராய்வதற்குத் துணையாக, நாம் வாழும் இந்நகரையே களமாகக் கொண்டு எழுந்த ஒரு துப்பறியும் நாவல் வரிசையின் வரலாற்றை இம்மலர் வாயிலாக அன்பர்கள் முன் வைக்கின்றோம். துப்பறியும் கதை என்றதும் பெரியோர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். ஆயினும் அக்கதைகள் நம் நாட்டுக்குப் புதியன அல்ல. வங்கத்தில் பிரியநாத் முகோபாத்யாய் என்னும் போலீஸ் அதிகாரி, 1892 ஆம் ஆண்டு முதல் தம் அனுபவங்களைத் 'தாரோகார் தப்தர்' என்னும் பெயரில் எழுதி வெளியிட்டார். தமிழிலே ஜே. ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தனும், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியாரும் நம் பாட்டனாரை விளக்கு அணைக்கவிடாமல் படிக்கச் செய்தவர்கள். ஆனால் இவ்வாசிரியர்கள் தாம் பிறந்து வளர்ந்த மண்ணைப் பற்றி எழுதினார்கள். நாம் கூறவிருக்கும் ஆசிரியரோ தாம் கண்ணாலும் காணாத ஊரைப் பற்றி எழுதியவர்.

பிறப்பும் பெயரும்

எச். ஆர். எஃப். கீட்டிங் 1926 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள ஸஸெக்ஸ் பகுதியிற் பிறந்தார். பத்திரிகைத் துறையிற் பணியாற்றியபின் துப்பறியும் நாவல்கள் எழுதலானார். அவருடைய தொடக்ககால நாவல்களை அமெரிக்கப் பதிப்பாளர் ஏற்கவில்லை. அவற்றில் ஆங்கில நாட்டு மணம் மிகுதியாக இருக்கிறது என்பது அவர்கள் கூறிய குறை. ஆகவே வேறொரு நாட்டைக் களமாகக் கொள்ள எண்ணிய கீட்டிங், இந்தியாவைத் தேர்ந்தார். இந்தியாவிலும் பம்பாயைத் தேர்ந்தார். நூல்களையும் செய்தித்தாள்களையும் படித்து, நம் நாட்டை அறிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்து, லண்டனில் இருந்தபடியே பம்பாய்க் குற்றப் புலனாய்வுப் பிரிவின் இன்ஸ்பெக்டர் ஒருவரைப் படைத்தார்.

அவ்வின்ஸ்பெக்டருக்கு அவர் முதலில் இட்ட பெயர் கோஷ் என்பதாகும். கோஷ் என்பது வங்காளிப் பெயர் என்பதும், பம்பாய்ப் போலீஸில் உள்ள ஒரு மராட்டியருக்கு அது பொருந்தாது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. விவரம் அறிந்தவர் எடுத்துச் சொன்னபின் கோஷ் என்பது கோட்டே ஆயிற்று. பெயரைக் கேட்டவுடனே ஊரையும் மொழியையும் கணிக்கும் நம் நாட்டு வழக்கத்தை நாம் நன்கு அறிவோம். அச்சில் ஏறுமுன்னே அப்பிழை திருத்தப்பெற்றது அந்நூலுக்கு வாய்த்த நற்பேறேயாகும்.

சாகாத மனிதரின் கொலை

கோட்டே தோன்றிய முதல் நாவல் 'தி பெர்ஃபெக்ட் மர்டர்' 1964 இல் வெளியாயிற்று. குறைவற்ற கொலை என்பது தலைப்பின் பொருள். ஆனால் பெர்ஃபெக்ட் என்பது கதையில் வரும் ஒரு பார்ஸி முதியவரின் பெயரும் ஆகும். செல்வர் ஒருவரின் காரியதரிசியாகிய அவர் தலையில் அடிபட்டுக் கிடக்கிறார். செய்தித்தாள்களோ அவர் உயிர் பிரியுமுன்னே அதனைக் கொலை என்று கூவத் தொடங்கிவிடுகின்றன.

அவ்வழக்குப் போதாதென்று, மந்திரி ஒருவரின் மேஜையிலிருந்து காணாமற்போன ஒற்றை ரூபாய் நோட்டைக் கண்டுபிடிக்கும் பொறுப்பும் கோட்டேயின் தலையில் விழுகிறது. போலீஸ் முறைகளை ஆராய வந்த நெடிய ஸ்வீடன் நாட்டு நிபுணர் ஒருவர் வேறு, செல்லும் இடமெல்லாம் உடன் வருகிறார். மேலதிகாரியின் சினம், மந்திரியின் ஒரு ரூபாய், அயல்நாட்டாரின் ஓயாத வினாக்கள் ஆகிய இவற்றுக்கு நடுவே தம் கடமையைச் செய்ய முயலும் அந்த மெலிந்த மனிதரைக் காணும்போது, அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்தவர் எவரும் தம்மையே கண்டதுபோல் புன்னகை பூப்பர். இந்நாவலுக்குக் குற்றக்கதை எழுத்தாளர் சங்கத்தின் தங்கக் குத்துவாள் பரிசு கிடைத்தது.

அஞ்சினும் நேர்மை

மேனாட்டுத் துப்பறிவாளர் பலர் எல்லாம் அறிந்தவர், எவர்க்கும் அஞ்சாதவர். கோட்டே அத்தகையவர் அல்லர். அவர் அஞ்சுவார்; ஐயுறுவார்; தாம் செய்தது சரிதானா என்று தம்மையே கேட்டுக்கொள்வார். ஆயினும் இறுதிவரை விடமாட்டார்.

1972 இல் வந்த ஒரு நாவலில், செல்வர் ஒருவரின் மகனைக் கடத்த வந்தவர்கள் தவறுதலாக ஓர் ஏழைத் தையற்காரரின் மகனைக் கொண்டுபோய் விடுகின்றனர். பணத்தை மட்டும் செல்வரிடமே கேட்கின்றனர். பிறர் பிள்ளைக்காக ஒருவர் தம் செல்வத்தை இழக்க வேண்டுமா என்ற கேள்வியே கதையின் உயிர்.

1986 இல் வெளிவந்த 'அண்டர் எ மான்ஸூன் க்ளவுட்' இன்னும் ஆழமானது. மலையூர்ப் போலீஸ் நிலையம் ஒன்றில், மழைக்கால இரவில், கோட்டே தெய்வமாக மதித்த மேலதிகாரி சினம் மிகுந்து கீழ்ப்பணியாளர் ஒருவரைத் தாக்க, அவர் இறந்துபடுகிறார். அதனை மறைக்கக் கோட்டே துணைபோகிறார். பின்னர் விசாரணை வருகிறது. உண்மையைச் சொன்னால் வேலையும் குடும்பத்தின் சோறும் போகும். சொல்லாவிட்டால் மனச்சான்று போகும். மாதச் சம்பளத்தை நம்பி வாழும் குடும்பத்தார்க்கு இந்த இக்கட்டின் கனத்தை விளக்கவேண்டுவதில்லை.

நேரிற் கண்டமை

பம்பாயைக் காணாமலே ஒருவர் பம்பாய்க் கதைகள் எழுதிவருவதை அறிந்த ஏர் இந்தியா நிறுவனம், அவர் இங்கு வந்து காணப் பயண வசதி செய்து தந்தது. முதல் நாவல் வெளிவந்து ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கழிந்தபின்னரே கீட்டிங் தம் கோட்டே நடந்த தெருக்களில் தாமும் நடந்தார். அதன்பின் 1976 இல், இந்நகரின் சினிமா உலகைக் களமாகக் கொண்ட 'ஃபில்மி, ஃபில்மி, இன்ஸ்பெக்டர் கோட்டே' வெளியாயிற்று. 1988 இல் முதல் நாவல் திரைப்படமாகி, நஸிருத்தீன் ஷா கோட்டேயாக நடித்தார்.

நம் தமிழ்நாட்டுக்கும் கோட்டே ஒருமுறை வந்திருக்கிறார். 1987 இல் வந்த 'தி பாடி இன் தி பில்லியர்ட் ரூம்' என்னும் நாவலின் களம் உதகமண்டலத்துக் கிளப். அங்கே பில்லியர்ட் மேஜையின்மேல் பணியாளர் ஒருவர் மாண்டு கிடக்கிறார். அந்நூலில் கோட்டே அயலூரார். அங்குள்ள மொழியும் அவருக்கு அயல்.

நம் உள்ளத்தைத் தொட்ட நாவலோ 1999 இல் வெளிவந்தது. கோட்டேயின் மனைவி ப்ரோதிமா வங்காளத்துப் பெண்மணி. கணவரின் ஊரில் நெடுங்காலம் வாழ்ந்த அவருக்குக் கல்கத்தாவில் ஒரு பெரிய வீடு உரிமையாகிறது. பிறந்த ஊருக்கே திரும்பிவிடலாம் என்று அவர் உள்ளம் துடிக்கிறது; கணவருக்கோ அவ்வூர் ஒட்டவில்லை. ஓய்வு பெற்றபின் ஊருக்குப் போவதா, பிள்ளைகள் வளர்ந்த இந்நகரிலேயே தங்குவதா என்ற வழக்கு நடவாத வீடு நம் காலனியில் எது?

குறையும் நிறையும்

குறை இல்லாமலும் இல்லை. கோட்டே முதலியோரைக் கீட்டிங் ஒருவகைத் திரிந்த ஆங்கிலம் பேசச் செய்தார். நம்மவர் சிலர் அதனை இகழ்ச்சி என்று கருதினர். மராட்டியர் ஒருவர் தம் தாய்மொழியிற் பேசுங்கால் பிழைபடப் பேசமாட்டார் என்பது உண்மையே. அவ்வளவில் அக்குறையை நாமும் ஒப்புகிறோம். ஆயினும் கோட்டேயின் பேச்சைக் கண்டு நகைப்பவர்களும் அவர் நெஞ்சைக் கண்டு நகைக்க இயலாது. ஊரின் புறத்தோற்றத்தைவிட ஒரு மனிதரின் உள்ளத்தையே ஆசிரியர் மிகுதியாக எழுதினார். அந்த உள்ளம் பொய்க்கவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட நூல்களில் கோட்டேயை நடமாடவிட்ட கீட்டிங் 2011 இல் மறைந்தார். நகரின் பெயரும் 1995 இல் மும்பை என மாறிவிட்டது.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். காணாத ஊரைப் பற்றிப் பேசக் கீட்டிங்குக்கு உரிமை தந்தவை யாவை? அவர் ஆவலோடு கேட்டறிந்தார்; பிழை என்று சொன்னபோது திருத்திக்கொண்டார்; வாய்ப்பு வந்தபோது நேரில் வந்து கண்டார். இம்மூன்றையும் செய்பவர் எவராயினும் ஓர் ஊரைத் தமதாக்கிக்கொள்ளலாம் என்பதே நம் துணிபு.

ஆனால் அவருக்கு வாய்த்த ஒன்று நம் பிள்ளைகளுக்கு எப்போதும் வாய்ப்பதில்லை. கோஷ் என்று எழுதியவரைப் பார்த்து, "உனக்கு எதற்கு இந்த ஊர்?" என்று எவரும் நகைத்து அனுப்பியிருந்தால், கோட்டே பிறந்தே இருக்கமாட்டார். நம் பிள்ளைகள் 'ழ'கரம் பிறழப் பேசும்போதும், ஊர்த் திருவிழாவை மாதம் மாற்றிச் சொல்லும்போதும், பெரியோராகிய நாம் பல நேரங்களில் நகைத்துவிடுகிறோம். நகைப்புக்கு நாணிய பிள்ளை மறுமுறை தமிழில் வாய் திறப்பதில்லை. இக்குற்றத்திற்கு உரியவரைத் துப்பறியக் கோட்டே வரவேண்டியதில்லை.

ஆகவே அன்பர்களே, நம் பிள்ளைகள் "எங்கள் ஊர்" என்று சொல்லும்போது தடுக்கவேண்டா. பிழையை அன்போடு திருத்துவோம். அடுத்த விடுமுறையில் அழைத்துச் சென்று காட்டுவோம். பாட்டியார் சொன்ன படித்துறை அங்கே இல்லாது போகலாம். ஆயினும் காணாமற் கண்ட ஊரை அப்பிள்ளை கண்ணாரக் காணட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!