செம்மரப் பட்டையில் நீரிழிவு மருந்து? திருப்பதி ஆய்வுகள் கூறுவது என்ன

திருப்பதி: கடத்தல் செய்திகளால் பெரிதும் அறியப்பட்ட செம்மரத்துக்கு நீரிழிவு ஆய்விலும் ஓர் இடம் உண்டு. சித்தூர், திருப்பதி, கடப்பா மாவட்டக் காடுகளில் இயற்கையாக வளரும் இம்மரத்தின் பட்டைச் சாறு, நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளின் ரத்த சர்க்கரையைக் குறைப்பதாகத் திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001-ஆம் ஆண்டில் ஆய்விதழ் ஒன்றில் தெரிவித்தனர். 2010-இல் வெளியான மற்றோர் ஆய்வில், பட்டையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பகுதி எலிகளின் இன்சுலின் அளவை உயர்த்தியதாகவும், கல்லீரல் நொதிகளைச் சீராக்கியதாகவும் கூறப்பட்டது.

எனினும், பின்னைய ஆய்வில் எலிகளுக்கு நோயை உண்டாக்கப் பயன்பட்ட ஸ்ட்ரெப்டோசோடோசின், கணையத்தின் பீட்டா செல்களை அழிக்கும் வேதிப்பொருளாகும். மனிதர்களிடையே மிகுதியாகக் காணப்படும் இரண்டாம் வகை நீரிழிவில், இன்சுலின் சுரந்தும் உடல் திசுக்கள் அதனை ஏற்காத இன்சுலின் எதிர்ப்பே முதன்மைக் கோளாறு. எனவே எலிகளில் கிடைத்த பலன் மனிதர்களுக்கும் கிடைக்கும் எனக் கொள்ள இயலாது.

செம்மரத்தின் நெருங்கிய உறவான வேங்கை, மனிதர்களிடம் சோதிக்கப்பட்டுள்ளது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வில், புதிதாக நோய் கண்டறியப்பட்ட 97 பேரில் 67 பேருக்கு 12 வாரங்களுக்குள் சர்க்கரை கட்டுக்குள் வந்ததாக 1998-இல் முடிவு வெளியானது. ஆனால், அது ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு. மேலும், அதில் தரப்பட்டது அளவிடப்பட்ட சாறு. சந்தையில் விற்கப்படும் வேங்கைக் குவளையில் இரவு முழுவதும் ஊறிய நீரில் எவ்வளவு மருந்துப் பொருள் கலக்கும் என்பதற்கு உறுதியில்லை. வேங்கையில் எபிகேட்டச்சின், டெரோஸ்டில்பீன் ஆகியவை கவனம் பெற்ற சேர்மங்கள்.

மூலிகையிலிருந்து மாத்திரைக்கான பாதை நீண்டது. ஐரோப்பாவின் கலேகா செடியிலுள்ள கலேஜின் நச்சுத்தன்மை மிக்கது. அதனோடு தொடர்புடைய மெட்ஃபார்மின் 1922-இல் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டும், நீரிழிவு மருந்தாக அதன் பயனைப் பிரெஞ்சு மருத்துவர் ஜான் ஸ்டெர்ன் 1957-இல்தான் வெளியிட்டார்.

மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாறு அருந்தினால் சர்க்கரை கட்டுமீறக்கூடும். இரண்டையும் சேர்த்து உட்கொண்டால் அளவுக்கு மீறித் தாழவும் கூடும். மரத்துக்கும் ஆபத்து உண்டு. தண்டைச் சுற்றிலும் பட்டையை உரித்தால் மரம் பட்டுப்போகும். செம்மரமோ அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பன்னாட்டுப் பட்டியலில் உள்ளது. அனுமதியின்றி அதனை வெட்டுவதும் கொண்டு செல்வதும் ஆந்திரத்தில் குற்றமாகும்.