பாதையும் தாரும்: வாவிக்கரைக்கு ரோட்டு வந்த கதை

மட்டக்களப்பில் 'பாதை' என்ற சொல்லுக்கு ஒரு தனி அர்த்தம் இருக்கிறது. வெளியூரில் இருந்து வந்த ஒருவரிடம், "குருமண்வெளித் துறைக்குப் போய், பாதையில ஏறி மண்டூருக்குப் போங்க" எண்டு சொன்னால் அவர் குழம்பித்தான் போவார். பாதையில் நடக்கலாம், பாதையில் எப்படி ஏறுறது? எங்களுக்குப் பாதை எண்டால் வாவியில் மிதக்கிறது. ஆட்களையும் சைக்கிளையும் மோட்டார்சைக்கிளையும் நெல் மூட்டையையும் ஒண்டாக ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போற தட்டையான மிதவை அது. ஊரெல்லாம் தரையில் போட்டதைப் பாதை என்று சொல்ல, நாங்கள் தண்ணியில் மிதந்ததைப் பாதை என்றோம். இந்த ஒரு சொல்லுக்குள்ளேயே எங்கட போக்குவரத்து வரலாறு பாதி கிடக்கிறது.

மிச்சப் பாதி தாரில் இருக்கிறது. பள்ளிக்கூடத்து வரலாற்றுப் புத்தகங்களில் அரசர்கள் வருவார்கள், போர்கள் வரும், ஒப்பந்தங்கள் வரும். ஒரு ஊருக்குத் தார் ரோட்டு எப்போது வந்தது, யாருக்காக வந்தது, ஏன் பக்கத்து ஊருக்கு வரவில்லை என்பது அவற்றில் வராது. ஆனால் எங்கட வீட்டு வாசலில் வந்து முடிகிற வரலாறு அதுதான். ஆகவே இந்தமுறை நாங்கள் தாரைப் பற்றி எழுதுகிறோம்.

இரண்டு கரை

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளம். அதற்கும் கடலுக்கும் இடையில் கிடக்கிற ஒடுங்கிய மணல் நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடுமாகக் கிடப்பது படுவான்கரை. சூரியன் எழுவது ஒரு கரை, படுவது மறுகரை. பெயர் அழகுதான். ஆனால் பெயரில் இருக்கிற திசையைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று இரண்டு கரைக்கும் நடுவில் இருந்தது: எழுவான்கரையில் ரோட்டு, படுவான்கரையில் துறை.

தரை வழியாக உள்நாட்டுக்குப் போவது பழைய காலத்தில் லேசான காரியமில்லை. 1602இல் ஒல்லாந்தக் கப்பல் தலைவர் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் இறங்கித்தான் கண்டி அரசனைக் காணப் போனார். 1804இல் கப்டன் ஜோன்ஸ்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி, ஏறக்குறைய 300 பேர் கொண்ட படையோடு மட்டக்களப்பில் இருந்து கண்டிக்கு நடந்து போய், பெரும்பாட்டுடன் திருகோணமலைக்குத் திரும்பினார். காடும் காய்ச்சலும் ஆறும்தான் அந்த வழியின் அடையாளங்கள்.

ஆங்கிலேயர் இலங்கையில் ரோட்டுப் போடத் தொடங்கியதற்கு முதல் காரணம் படை, அடுத்த காரணம் கோப்பி. 1824 முதல் 1831 வரை ஆளுநராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் காலத்திலும், அவருக்குப் பிறகு தோமஸ் ஸ்கின்னர் பொறுப்பிலும், மலைநாட்டு வீதிகள் வேகமாக வளர்ந்தன. அதற்கு ஆள் வேண்டுமே! 1832இல் இராசகாரியம் என்ற கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டது. ஆனால் 1848இல் இன்னொரு சட்டம் வந்தது. 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் வருடத்துக்கு ஆறு நாள் ரோட்டு வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் காசு கட்ட வேண்டும். அந்த வருடம் மாத்தளையிலும் குருணாகலிலும் வெடித்த கிளர்ச்சிக்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம். 'ரோட்டு வந்தது' என்று நாங்கள் சும்மா சொல்கிறோம். ரோட்டு தானாக வருவதில்லை. யாரோ ஒருவர் கல்லுடைத்துத்தான் வருகிறது.

எங்கட பக்கத்தில் கோப்பி இல்லை. நெல்லும் தேங்காயும் மீனும்தான். அவற்றை ஏற்ற வாவியும் தோணியும் இருந்தன. அதனால் பெரிய ரோட்டுகள் இங்கே மெதுவாகத்தான் வந்தன. 1924இல் கல்லடியில் இரும்புப் பாலம் கட்டினார்கள். அப்போதைய ஆளுநர் வில்லியம் மனிங்கின் மனைவி பெயரில் அது 'லேடி மனிங்' பாலம் ஆனது. நான்கு வருடம் கழித்து, 1928இல், ரயில் வந்தது. கல்லடிப் பாலம் ஒரு வாகனம் போகிற அகலம்தான். அந்தப் பக்கம் பஸ் வந்தால் இந்தப் பக்கம் காத்து நிற்க வேண்டும். அப்படி 89 வருடம் காத்து நின்று, 2013இல்தான் ஜப்பான் உதவியோடு பக்கத்தில் புதுப் பாலம் திறந்தது. எழுவான்கரைக்கே இந்தக் காத்திருப்பு எண்டால் படுவான்கரையின் கதையை யோசித்துப் பாருங்க.

கீல், தார், காபட்

தார் என்ற சொல் ஆங்கிலத்தில் இருந்து வந்தது. ஆனால் பொருள் எங்களுக்குப் புதிதில்லை. தமிழில் அதற்குக் கீல் என்று ஒரு பழைய சொல் உண்டு. தோணிக்குள் தண்ணி ஏறாமல் இருக்கப் பூசுவது கீல். அதில் இருந்துதான் 'நிலக்கீல்' என்ற சொல்லையும் உண்டாக்கினார்கள். அதாவது தார் முதலில் தோணியின் அடியில் இருந்தது, மறுகாதான் ரோட்டின் மேலே ஏறியது. இரண்டு இடத்திலும் வேலை ஒன்றுதான்: தண்ணியை உள்ளே விடாமல் தடுப்பது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த மக்காடம் என்பவர் சின்னச் சின்னதாக உடைத்த கல்லை அடுக்கி அமுக்கினால் நல்ல ரோட்டு வரும் என்று காட்டினார். மாட்டு வண்டிக்கும் குதிரை வண்டிக்கும் அது போதும். கார் வந்ததும் ரப்பர்ச் சில்லு புழுதியைக் கிளப்பிக் கல்லையும் பெயர்த்தது. 1902இல் இங்கிலாந்தில் ஹூலி என்பவர் கல்லோடு தாரைக் கலக்கும் முறைக்குக் காப்புரிமை எடுத்தார். ஒரு தார்ப் பீப்பா ரோட்டில் விழுந்து உடைய, அந்த இடத்தில் மட்டும் புழுதி இல்லாமல் இருந்ததைக் கண்டுதான் அவருக்கு யோசனை வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள்.

அந்தத் தார் நிலக்கரியில் இருந்து வடித்தது. இன்றைக்கு ரோட்டில் ஊற்றுவது மசகு எண்ணெயைச் சுத்திகரித்து அடியில் மிஞ்சுகிற பிற்றுமன். இலங்கையில் 1969இல் தொடங்கிய சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையத்திலும் அது எடுக்கப்பட்டது. பொருள் மாறிவிட்டது, நாங்கள் இன்னும் தார் என்றுதான் சொல்கிறோம். சல்லிக்கல்லையும் பிற்றுமனையும் சூடாகக் கலந்து மெசினால் விரித்து ரோலரால் அமுக்கினால் அதுக்குப் பெயர் காபட் ரோட்டு. அந்தக் கலவையில் பிற்றுமன் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில்தான் இருக்கும். மிச்சமெல்லாம் கல்லும் மணலும். ரோட்டின் உயிர் மேலே தெரிகிற கறுப்பில் இல்லை, கீழே தெரியாமல் கிடக்கிற கல் அடுக்கில்தான்.

கிறவல் ரோட்டும் போரும்

படுவான்கரையில் நீண்ட காலம் இருந்தது கிறவல் ரோட்டு. கோடையில் செம்புழுதி, மாரியில் சேறு. கீழே வயல் களிமண். அது மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். அதன் மேல் எதைப் போட்டாலும் சரியான அத்திவாரமும் மதகும் இல்லாவிட்டால் இரண்டு மாரி தாங்காது.

போர் வந்ததும் கிறவலுக்கு இன்னொரு அர்த்தம் வந்தது. தார் ரோட்டைத் தோண்டினால் தழும்பு தெரியும். கிறவல் ரோட்டைத் தோண்டி மூடினால் தெரியாது. கண்ணிவெடிப் பயம் கிறவலோடு ஒட்டியிருந்தது. 1991 ஜூன் 12ஆம் திகதி மண்முனைத் துறைக்குக் கிட்டக் கண்ணிவெடியில் இராணுவத்தினர் இருவர் இறந்தார்கள். அன்றைக்கே மகிழடித்தீவுப் பகுதியில் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். ஊரவர்கள் சொல்லும் எண்ணிக்கை 150க்கும் மேல். ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்றும் விசாரித்தது. அந்த ஊர்களில் நினைவுநாள் இன்றும் வருகிறது. அங்கே ஒரு ரோட்டைப் பற்றிப் பேசும்போது வெறும் கல்லையும் மண்ணையும் பற்றி மட்டும் பேச முடியாது.

தார் அடைத்து வந்த பரல்கள் கூட வேறு வேலைக்குப் போயின. மண் நிரப்பிய தார்ப் பரல் எண்டால் எங்கட பெற்றோருக்கு ஞாபகம் வருவது ரோட்டு வேலை இல்லை, சோதனைச்சாவடி. ரோட்டைப் போட வந்த பரல் ரோட்டை மறிக்க நின்றது.

2007 ஜூலையில் குடும்பிமலையை இராணுவம் பிடித்ததோடு கிழக்கில் போர் முடிந்தது. அதற்குப் பிறகு 'கிழக்கின் உதயம்' என்ற பெயரோடு காபட் வந்தது. 2014 ஏப்ரலில் மண்முனைப் பாலம் திறந்தது. அதுவும் ஜப்பான் உதவிதான். கொக்கட்டிச்சோலையில் இருந்து எழுவான்கரைக்கு வர இனிப் பாதைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. இரவில் வலி கண்ட பிள்ளைத்தாச்சிக்கு, காலையில் வந்தாறுமூலைக்கு விரிவுரைக்கு வர வேண்டிய மாணவிக்கு, 'கஷ்டப் பிரதேசம்' எண்டு ஆசிரியர் வரத் தயங்கிய பள்ளிக்கூடத்துக்கு, அந்தப் பாலம் என்ன செய்தது என்பதைப் படுவான்கரையில் பிறந்த எங்கட நண்பர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். இதில் அரசியல் இருக்கிறது, வாக்கு இருக்கிறது, திறப்புவிழாக் கல்வெட்டு இருக்கிறது. எல்லாம் சரி. ஆனாலும் பாலம் பாலம்தான்.

பாலம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அதிக தூரம் போகத் தேவையில்லை. 2021 நவம்பர் 23ஆம் திகதி திருகோணமலை மாவட்டம் கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இறந்தார்கள். பாலம் கட்டி முடியும் வரைக்கும் என்று ஓட விட்ட பாதை அது.

ரொறன்ரோ ட்ரைவ்வேயும் எங்கட வளவும்

இப்போது கதை ரோட்டில் இருந்து படலைக்குள் வருகிறது. கனடாவில் எங்கட சொந்தங்கள் வீட்டுக்கு முன்னால் கறுப்பாக ஒரு துண்டுத் தரை இருக்கும். ரோட்டில் இருந்து கார் நிற்கிற இடம் வரைக்கும் தார். ட்ரைவ்வே என்பார்கள். அங்கே அதைப் போடுவது ஒரு தொழில். மே மாதம் அளவில் தொடங்கி குளிர் வருவதற்குள் முடிக்க வேண்டும். குளிரில் கலவை அமுக்குவதற்கு முன்பே இறுகிவிடும். தண்ணி உறைந்து ஐஸ் ஆகும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பருக்கும். சின்ன வெடிப்புக்குள் இறங்கிய தண்ணி இரவில் உறைந்து, பகலில் உருகி, திரும்ப உறைந்து தாரைப் பிளக்கும். வசந்தத்தில் குழி விழும். அதனால் கீழே ஆழமாகக் கல் அடுக்கி, தண்ணி ஓடச் சாய்வு வைத்து, சில வருடத்துக்கு ஒருமுறை மேலே பூச்சும் பூசுவார்கள். பிற்றுமன் கூட வேறு வகை. குளிரில் நொறுங்காதது அங்கே, வெயிலில் இளகாதது இங்கே.

இரண்டு நாட்டிலும் எதிரி தண்ணிதான். அங்கே உறைகிற தண்ணி, இங்கே ஓடாமல் நிற்கிற தண்ணி.

அந்தக் காசில் எழுவான்கரையில் வீடுகள் எழும்புகின்றன. வீட்டோடு ட்ரைவ்வே ஆசையும் வருகிறது. படலையில் இருந்து படி வரைக்கும் இன்டர்லொக் கல்லோ கொங்கிரீட்டோ போட்டு வளவு முழுவதையும் மூடுகிறார்கள். பார்க்க வடிவுதான், கூட்டவும் லேசு. ஆனால் எழுவான்கரை என்பது கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற மணல். கிணற்றில் நாங்கள் அள்ளுகிற நல்ல தண்ணி, மழையாக விழுந்து மணலுக்குள் இறங்கி, உப்புத் தண்ணிக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிற தண்ணி. 2004 சுனாமியில் உப்பான கிணறுகளை மெல்ல மெல்ல மீட்டது மாரி மழைதான். வளவை மூடினால் அந்த மழை கிணற்றுக்குப் போகாமல் ஒழுங்கைக்குப் போகும்.

ஒழுங்கையிலும் பிரச்சினை இருக்கிறது. ஒவ்வொரு தரமும் பழைய ரோட்டைக் கிளறாமல் அதற்கு மேலேயே போடுவதால் ரோட்டு உயர்கிறது, வளவு பள்ளமாகிறது. எங்களில் சிலருடைய வீடுகளில் முன்பு ரோட்டுக்கு மேலே இருந்த படி, இப்போது ரோட்டுக்குக் கீழே இருக்கிறது. 2011 ஜனவரி வெள்ளம் போல ஒரு மழை வந்தால் ரோட்டே அணைக்கட்டாக நின்று தண்ணியை வீட்டுக்குள் தள்ளும். அதற்குப் பரிகாரம் இன்னும் உயரமான ரோட்டு இல்லை. மதகும் வடிகாலும்தான். பெரிய வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது, உள்ளூர் ஒழுங்கை பிரதேச சபையுடையது. இரண்டுக்கும் இடையில் தண்ணி எங்கே போகிறது என்று கேட்க வேண்டியவர்கள் நாங்கள்.

ஆகவே எங்கட முடிவு இதுதான். தார் போக வேண்டிய இடம் வேறு, போகக்கூடாத இடம் வேறு. படுவான்கரையின் உட்கிராமங்களுக்குத் தார் போக வேண்டும். நல்ல அத்திவாரத்தோடும் மதகோடும், பாலம் இல்லாத துறைகளுக்குப் பாலத்தோடும் போக வேண்டும். எழுவான்கரையின் வளவுக்குள் அது வரத் தேவையில்லை. கார்ச் சில்லு போகிற இரண்டு கோட்டுக்கு மட்டும் கல் பதித்து, நடுவில் புல்லை விட்டாலே போதும். மழை உள்ளே இறங்கும். வெளிநாட்டில் இருந்து வீடு கட்டுகிற மாமாவுக்கும் சித்திக்கும் இதைச் சொல்லக்கூடிய ஆட்கள் நாங்கள்தான். அடுத்த முறை அவர்கள் போனில் "முன்னுக்கு என்ன போடுவம்?" எண்டு கேட்டால், முதலில் கிணறு எந்தப் பக்கம் இருக்கு எண்டு கேளுங்க.