ஆலயமும் இளஞ்சிறாரும்

சிறாரின் ஆரவாரம் வழிபாட்டுக்கு இடையூறு என்பார் சிலர். விழுப்புரம் பகுதியிலுள்ள எண்ணாயிரம் கல்வெட்டு வேறு கூறுகின்றது. 11ஆம் நூற்றாண்டில், முதலாம் இராசேந்திரன் காலத்தில், திருக்கோயிலைச் சார்ந்து பயின்ற இளைய மாணாக்கர் 270 பேர். மூத்தோர் 70 பேர். இளையோருள் 40 பேர் ரூபாவதார இலக்கணம் கற்றனர்; ஏனையோரிற் பெரும்பாலோர் வேதம் ஓதினர். அனைவர்க்கும் நாள்தோறும் நெல் அளக்கப்பெற்றது. இத்துணைச் சிறார் கூடிய இடத்தில் அமைதி எங்ஙனம் நிலவியிருக்கும்? பெரியோர் அதனைப் பொருட்படுத்தவில்லை போலும்!

ஆயினும் அவ்வாயில் எல்லாச் சிறார்க்கும் திறந்திருக்கவில்லை என்பதை மறைத்தல் ஆகாது. கோபுரத்தை மட்டுமே கண்டு திரும்பிய குழந்தைகள் எத்துணையரோ! மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலில் அத்தடை நீங்கியது 1939 சூலை 8ஆம் நாளிலேயே; சென்னை மாகாணத்துக்கு ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947இல்.

குடமுழுக்குக் காணும் இத்திருக்கோயிலில், மாலைதோறும் சிறார் தேவாரம் ஓத ஒரு மண்டபம் ஒதுக்கவும், ஓடியாடும் மழலையரை மெய்காவலர் விரட்டாதிருக்கவும் அறங்காவலரை அடியேன் வேண்டுகின்றேன்.