இரட்டைப் புலவர்களும் மாற்றுத்திறனாளர் பெருமிதமும்

உடற்குறையை மறைக்க வேண்டிய இழுக்காகக் கருதாமல், தன் அடையாளத்தின் ஒரு பகுதியாக ஏற்றுத் தலைநிமிர்ந்து வாழும் உணர்வே மாற்றுத்திறனாளர் பெருமிதம். இந்தப் பெயரில் 1990-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு பேரணி நடைபெற்றது. பெயர் புதியது என்றாலும், அதன் பொருள் தமிழ் மண்ணுக்குப் புதியதன்று. திருவண்ணாமலை வட்டாரத்தோடு தொடர்புடைய இரண்டு செய்திகள் இதை விளக்கும்.

கிரிவலக் கதை

அண்ணாமலையைச் சுற்றிவரும் கிரிவலப் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுடையது. அங்கு நடந்ததாக ரமண மகரிஷி கூறிய கதை ஒன்று உண்டு. கால் ஊனமுற்ற ஒருவர் ஊன்றுகோல்களுடன் கிரிவலம் வந்துகொண்டிருந்தார். குடும்பத்துக்குப் பாரமாக இருக்கிறோமே என்று மனம் நொந்து, ஊரை விட்டே போய்விட எண்ணியிருந்தார். வழியில் ஒருவர் அவருடைய ஊன்றுகோல்களைப் பிடுங்கி எறிந்தார். மறுகணமே அவரால் நிமிர்ந்து நடக்க முடிந்தது.

இது பக்திக் கதை. இதில் பாரம் என்ற எண்ணம் கால் குணமானதால்தான் நீங்குகிறது. கால் குணமாகாதவருக்கு வழி என்ன என்பதைக் கதை சொல்லவில்லை.

இரட்டைப் புலவர்கள்

அதற்கு விடைபோல அமைந்தது இரட்டைப் புலவர்களின் வாழ்க்கை. இளஞ்சூரியர், முதுசூரியர் என்னும் இவ்விருவரில் ஒருவர் பார்வையற்றவர். மற்றவர் நடக்க இயலாதவர். பார்வையற்றவர் தோளில் மற்றவர் அமர்ந்து வழிகாட்ட, இருவரும் ஊர் ஊராகச் சென்று பாடினர் என்பது வழிவழிச் செய்தி. வெண்பாவின் முற்பாதியை ஒருவர் பாட, பிற்பாதியை மற்றவர் முடிப்பாராம்.

தில்லைக் கலம்பகம், திருவாமாத்தூர்க் கலம்பகம், ஏகாம்பரநாதர் உலா ஆகியவை இவர்கள் இயற்றிய நூல்கள். உலாவில் சம்புவராய மன்னரைப் பற்றிய குறிப்பு வருவதால் இவர்கள் 14-ஆம் நூற்றாண்டினர் என்பர். சம்புவராயரின் தலைநகரான படைவீடு இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ளது.

மதுரைக் குளத்தில் துணி துவைக்கும்போது அது நீரோடு போய்விட்டதாகவும், அப்போது இருவரும் ஒரு வெண்பா பாடியதாகவும் கூறுவர். ஒருவர் கேலியாகத் தொடங்க, மற்றவர் கந்தையின் கிழிசல்களைக் 'கண்' என்று சிலேடையாகச் சொல்லி முடிக்கிறார். பார்வையற்றவரே கண்ணை வைத்து நகையாடுகிறார். அதில் தன்னிரக்கம் சிறிதும் இல்லை. இவர்கள் வாழ்வில் ஒருவரை ஒருவர் சுமப்பது பாரமாக இல்லை. அதுவே தொழிலுக்கும் வழியாயிற்று. ஆயினும் மக்கள் நினைவில் தோளில் அமர்ந்த காட்சி நின்ற அளவுக்கு நூல்களின் பெயர் நிற்கவில்லை.

இரக்கத்திலிருந்து உரிமைக்கு

மு. கருணாநிதி முதல்வராக இருந்த காலத்தில் 'ஊனமுற்றோர்' என்ற சொல்லுக்குப் பதிலாக 'மாற்றுத்திறனாளிகள்' என்ற சொல் தமிழக அரசு வழக்கில் இடம்பெற்றது. சட்டமும் மாறியது. 1995-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றது. 2016-ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. சமூகத்தில் உள்ள தடைகளே ஒருவரின் முழுப் பங்கேற்பைத் தடுக்கின்றன என்ற கருத்தும் அதில் உள்ளது. பொதுக் கட்டடங்களில் தடையின்றிச் சென்றுவருவதற்கான விதிகள் வெறும் பரிந்துரையாக இல்லாமல் கட்டாயமாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது.

ஊன்றுகோலை எறிந்தால்தான் மதிப்பு என்பது பழைய கதை. ஊன்றுகோலோடும் சக்கர நாற்காலியோடும் வருபவருக்குப் படிக்கட்டின் அருகே ஒரு சாய்தளம் இருந்தால், அவர் யாருக்கும் பாரமாவதில்லை. அற்புதம் நிகழக் காத்திருக்கவும் வேண்டியதில்லை.